இருபது கிராம்

ஞாயிறு. கொடைக்கானல் சந்தை.
நான் முத்திரை ஆய்வாளர். கூட வருகிறவர் சவரிமுத்து.
அவர் தோளில் அரசாங்கத்தின் எடைக்கற்கள்,
பித்தளை, பச்சை வெல்வெட்டுப் பெட்டிக்குள்
கல்யாண நகைபோல் படுத்திருப்பவை.

ஜீப் நிற்குமுன்பே சேதி ஓடிவிடுகிறது.
தராசுகளின்மேல் சாக்கு விழுகிறது.
அதுவரை கிலோவில் விற்ற பட்டர்புரூட்காரி
"கூறு நாப்பது, கூறு நாப்பது" என்று கூவுகிறாள்
என்னைப் பார்க்காமலே.

பீன்ஸ் கடையில் நாற்பது கிராம் குறைவு.
கல்லின் அடிக்குழியில் ஈயம் இல்லை.
"மழையில கரைஞ்சிருக்கும் மேடம்."
ஈயம் கரைக்கும் மழையைப்
பதினொரு வருடமாக இந்த மலையில் பார்க்கிறேன்.
எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.
இருவருக்கும் கோபமில்லை.

சந்தை தீருமிடத்தில் ஸ்வெட்டர் தொங்கும் கயிறுகள்.
டோல்கர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்:
"எங்கிட்ட தராசே இல்ல. லூதியானா சரக்கு. பீஸ் ரேட்டு."
பிறகு, தானாகவே,
"மடத்துல இருக்கு. பூண்டு விக்கிறாங்கல்ல."
காட்டிக்கொடுத்தாளா, வழிகாட்டினாளா, தெரியவில்லை.
ஆறு ஜோடி காலுறையைப் பேப்பரில் சுற்றி
என் கையில் திணித்தாள்.
"போறதுதான் போறீங்க, லாமாக்களுக்குக் குளிரு."

முதலில் போனது வேறு மடம்.
கேட்டில் பலகை: மௌன வாரம்.
புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரர்
குதிகால் ஊன்றி, பிறகு பாதம், பிறகு விரல்,
அடுத்த அடிக்கு அவசரமே இல்லாமல்.
சவரிமுத்து என் காதில் கேட்டார்: "முட்டி வலியா?"
ஓர் அம்மாள் வந்து கையாலேயே சொன்னாள்,
கீழே, இடது, மேலே, மேலே.
நன்றி சொல்ல வாய் திறந்து
மூடிக்கொண்டோம்.

வில்பட்டிக்கு மேல், யூகலிப்டஸ் தாண்டி, தகரக் கூரை.
கொடிகள் கிழிந்துபோகும்படி காற்று.
லாமா தம்டிங் தராசைத் தூக்கி வந்தார்.
கிலோக்கல்லைக் காணோம்.
தலையில் தட்டிக்கொண்டு பூசை அறைக்குள் ஓடினார்.

அவர்கள் ஏடு தைக்காதது, நீளநீளத் தாள்கள்.
பறக்காதிருக்க மேலே கல்.
கல்லைக் கவிழ்த்தால் அடிக்குழி
மெழுகுவத்திக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது.
சனிக்கிழமை சந்தைக்குப் பூண்டு நிறுத்தபின்
வாரம் முழுக்க அதில் வெளிச்சம் நிற்கும்.

என் தராசில் இட்டேன்.
முள் சாய்ந்தது,
நான் பார்த்தே பழகாத பக்கம்.
இருபது கிராம் அதிகம்.

"எத்தனை வருஷமா இதால நிறுத்தீங்க?"
விரல் மடக்கி எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார்.
"கூடினாலும் பிழைதான்" என்றேன்,
"சட்டத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது."
என் குரல் எனக்கே
அலுவலகச் சுற்றறிக்கையாகக் கேட்டது.
"ஆமா ஆமா, பிழை" என்று
சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

ஊசியால் சுரண்டினேன். மஞ்சள் மெழுகு
படலம் படலமாக, கருகிய திரித்துண்டோடு வந்தது.
அவர் ஒவ்வொரு பொருக்காகப் பொறுக்கி
உள்ளங்கையில் உருட்டி
ஒரு நூலைக் கிள்ளிச் செருகி
ஜன்னல் கட்டையில் ஏற்றிவைத்தார்.
நான் முத்திரை குத்தும்வரை எரிந்தது.

பதிவேட்டில் இரண்டு கட்டம்.
'குறைவு' அழுக்கேறிக் கிடந்தது.
'அதிகம்' என்பதில் பேனா வைத்தபோது
தாள் வழவழவென்று மை ஏற்க மறுத்தது.

கால் கிலோ பூண்டு வாங்கினேன்.
முள் நேராக நின்றது.
நின்றபிறகு ஒரு பூண்டைக் கையால் எடுத்துப்
பைக்குள் போட்டார்.
எடுத்துத் திரும்ப வைத்தேன். மறுபடி போட்டார்.
சவரிமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாள்மலை தாண்டும்போது
வெல்வெட்டுப் பெட்டியெல்லாம் பூண்டு வாசம்.
கைப்பையை நகர்த்தினேன்.
அடியில் பேப்பர் சுற்றிய பொட்டலம், மெத்தென்று,
பிரிக்கப்படாமல்.

நான் எதுவும் சொல்லவில்லை.
டிரைவர் வளைவில்
வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.